முல்லைக்காரனின் நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை இரவு. மட்டக்களப்புப் புகையிரத நிலையத்தில் கொழும்புக்கான இரவுத் தபால் வண்டி புறப்படத் தயாராக நிற்கிறது. இருக்கைக்கு அடியில் பயணப் பைகள், அவற்றின் நடுவே ஒரு தயிர் முட்டி. வாயைத் துணியால் கட்டிச் சணல் கயிற்றில் முடிந்து, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் செருப்பை அண்டக் கொடுத்திருக்கிறார்கள். யன்னலுக்கு வெளியே நிற்கும் தாய் கம்பியைப் பிடித்தபடி கேட்கிறார்: “மறுகா எப்ப மனே வருவாய்?”

“மாசக் கணக்கு முடியட்டும் அம்மா.”

மகளுக்கு 34 வயது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயலும் வரம்புமாக வளர்ந்தவர். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தார். இன்று கொழும்புக் குழுமம் ஒன்றின் விடுதிப் பிரிவில் நிதி முகாமையாளர். வண்டி ஏறாவூரைத் தாண்டியதும் மடிக்கணினியைத் திறக்கிறார். திரையில் ஒரே ஒரு பக்கம். பாசிக்குடாவில் உள்ள தங்கள் விடுதியை மாரி மூன்று மாதமும் மூடலாமா, வேண்டாமா? பணிப்பாளர் சபைக்குப் போகவேண்டிய அறிக்கை அது. மூடினால் மிச்சமாகும் தொகை கடைசி வரியில் தடித்த எழுத்தில் இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பப்படும் ஊழியர் தொகை நடுவில் ஒரு வரி. அந்த வரிக்குள் அவருடைய ஒழுங்கையில் குடியிருக்கும் ஒரு பெடியனும் அடக்கம். விடுதிச் சமையலறையில் வேலை. அன்று பின்னேரம் வலையிறவுப் பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் அந்தத் தயிர் முட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான்.

பெயரும் கம்பனியும் எழுதவேண்டாம் என்ற நிபந்தனையோடு, உடன் பயணித்த எனக்கு அவர் அந்தப் பக்கத்தைக் காட்டினார். வண்டி வாழைச்சேனையில் நின்று புறப்படும் வரைக்கும் அதில் ஒரு சொல்லையும் அவர் மாற்றவில்லை.

போடியாரா, முல்லைக்காரனா?

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுக்கும் பிள்ளைகளிடம் என்னவாக வர விருப்பம் என்று கேட்டால், ‘சீ.ஈ.ஓ.’ என்ற பதில் இப்போது அடிக்கடி கேட்கிறது. முன்பெல்லாம் வங்கி உத்தியோகம், ஆசிரியர், கச்சேரியில் ஒரு மேசை என்பதோடு ஆசை முடிந்துவிடும். இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தச் சொல் பிள்ளைகளின் மனதில் எழுப்பும் படம் போடியாருடையது: சாய்வு நாற்காலி, கைகட்டி நிற்கும் ஆட்கள், சொன்னால் நடக்கும் காரியம்.

உண்மையில் அந்த வேலைக்கு நம் வயல் வட்டைக்குள்ளேயே பழைய பெயர் ஒன்று இருக்கிறது. முல்லைக்காரன். வயல் போடியாருக்குச் சொந்தம். விதைப்பு எந்த நாள், எத்தனை ஆள் பிடிப்பது, தண்ணீர் எப்போது திருப்புவது, யானைக் காவலுக்குப் பரணில் யார் என்பதெல்லாம் முல்லைக்காரன் தலையில். சூடு மிதித்து முடிந்ததும் இத்தனை அவணம் என்று கணக்கு ஒப்படைப்பதும் அவன்தான். வேளாண்மை பொய்த்தால் மழையைக் குற்றம் சொல்லலாம். ஆனாலும் போடியார் வீட்டு முற்றத்தில் நின்று அதைச் சொல்லவேண்டியவன் அவனே.

சீ.ஈ.ஓ. எனப்படும் பிரதம நிறைவேற்று அதிகாரி அந்த முல்லைக்காரன்தான். ஒரு வித்தியாசம் உண்டு. இவருக்குப் போடியார் ஒருவரல்லர். கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனி என்றால் பங்குதாரர் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் பலர் இவர் முகத்தையே பார்த்திருக்க மாட்டார்கள்.

■ பெட்டிச் செய்தி: யார், யாருக்குப் பதில் சொல்வது?

பங்குதாரர்கள் கம்பனியின் சொந்தக்காரர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பணிப்பாளர்களைத் தெரிவு செய்வது அவர்கள். பணிப்பாளர் சபை அவர்கள் சார்பில் மேற்பார்வை செய்கிறது. அதன் தலைவர் தவிசாளர். பிரதம நிறைவேற்று அதிகாரியை நியமிப்பதும் நீக்குவதும் சபையின் கையில். அன்றாட ஓட்டம் முழுவதும் பிரதம நிறைவேற்று அதிகாரியின் பொறுப்பு. அவர் கீழே நிதி, விற்பனை, உற்பத்தி, மனிதவளம் என்று தனித்தனித் தலைவர்கள்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பணிப்பாளர்கள் நல்லெண்ணத்தோடும் கம்பனியின் நலனுக்காகவும் நடக்கவேண்டும். தேறிய சொத்து கூறப்பட்ட மூலதனத்தின் பாதிக்குக் கீழே இறங்கினால் பங்குதாரர்களைக் கூட்டி விளக்கம் சொல்லியாக வேண்டும். தவறினால் பொறுப்பு அவர்கள் தலையில் தனிப்பட்ட முறையில் விழும்.

ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தின் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம் தொழில்தருநர் பங்கு. கையில் காசு இல்லை என்ற பதிலைச் சட்டம் ஏற்காது.

ஒரு கிழமை எப்படிப் போகிறது

ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் மைக்கேல் போர்ட்டரும் நிதின் நோரியாவும் 27 பெரிய நிறுவனங்களின் தலைவர்களைப் பதின்மூன்று கிழமை, மணிக்கு மணி பின்தொடர்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாகக் கிழமைக்கு 62.5 மணி நேர வேலை. அதில் 72 சதவீதம் கூட்டங்களில். சனி, ஞாயிறிலும் பெரும்பாலான நாட்களில் வேலை. அதற்கு வெகுகாலம் முன்பே, 1973இல், ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளைக் கூடவே இருந்து கவனித்து எழுதிய நூலில், அவர்கள் செய்யும் காரியங்களில் பாதி ஒன்பது நிமிடம்கூட நீடிப்பதில்லை என்று காட்டினார். அமைதியாக உட்கார்ந்து பெரிய திட்டம் தீட்டுகிறார்கள் என்று நாம் நினைக்கும் மனிதர்களுக்குச் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் கிடைப்பதே அரிது.

அந்தத் துண்டு துண்டான நேரத்தில் அவர்கள் செய்வதைச் சுருக்கினால் மூன்று காரியம்தான் மிஞ்சும். இருக்கும் பணத்தை எதில் போடுவது, எதில் போடாமல் விடுவது. எந்த இடத்துக்கு எந்த ஆள். மூன்றாவது, கெட்ட செய்தியை நேரத்தோடு அறிந்து, நேரத்தோடு மேலே சொல்வது. முதல் இரண்டையும் பட்டப்படிப்பில் ஓரளவு கற்றுக்கொள்ளலாம். மூன்றாவதற்கு நம் பிள்ளைகளை நாம் பழக்குவதே இல்லை. மார்க் குறைந்தால் றிப்போட்டை ஒளிக்கும் பழக்கத்தில் அல்லவா வளர்க்கிறோம்? ஒரு கம்பனி விழுந்த கதையை எடுத்துப் பார்த்தால், நஷ்டம் வந்த நாளுக்கும் அதைச் சபைக்குச் சொன்ன நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பெரிய சேதம் நடந்திருக்கும்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டீசல் வரிசையில் நாம் நின்ற அதே நாட்களில், கடன் வாங்கித் தொழில் நடத்திய ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒருவர் விடிய விடிய உட்கார்ந்து, எந்தக் கடனை முதலில் கட்டுவது, எந்தச் சரக்கு இறக்குமதியை விடுவது, இந்த மாதச் சம்பளத்துக்குக் காசு எங்கே என்று எழுதி அழித்துக்கொண்டிருந்தார். பட்டியல் எப்படி எழுதினாலும் யாரோ ஒருவர் கடைசிக்குப் போகத்தான் வேண்டியிருந்தது.

ஏறியவர்கள்

1990இல் ஜோன் கீல்ஸ் குழுமத்துக்கு முதல் இலங்கைத் தவிசாளராக வந்தவர் கென் பாலேந்திரா, ஒரு தமிழர். ஆங்கிலேயர் தொடங்கிய அந்தத் தரகு நிறுவனத்தில் அதுவரை அந்த நாற்காலி வெள்ளைக்காரர்களுடையதாகவே இருந்தது. நாடு போரில் எரிந்த பத்து ஆண்டுகள் அவர் அதில் இருந்தார். 1994இல் லக்சம்பேர்க் பங்குச் சந்தையில் பட்டியலிட்டு, வெளிநாட்டுச் சந்தைக்குப் போன முதல் இலங்கைக் கம்பனி என்ற பெயரை அது எடுத்தது. போர் நடக்கும் நாட்டின் பங்கை வாங்குங்கள் என்று அந்நிய முதலீட்டாளரிடம் சொல்லுவதற்குக் கணக்கு மட்டும் போதாது. சொல்லுகிறவர் வாக்கில் நம்பிக்கை வேண்டும்.

2020இல் ஹேமாஸ் குழுமத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரியானவர் கஸ்தூரி செல்லராஜா வில்சன். பட்டியலிட்ட பெருங்குழுமம் ஒன்றுக்கு இந்த நாட்டில் பெண் ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதல் தடவை. முகாமைத்துவக் கணக்கியலில் தகைமை பெற்றவர். அதோடு வலைப்பந்து, கூடைப்பந்து இரண்டிலும் நாட்டுக்காக ஆடியவர். கூடைப்பந்து பார்த்து வளர்ந்த மட்டக்களப்புக்காரருக்கு இதன் பொருள் நன்றாக விளங்கும். பந்தை எப்போது அடுத்தவர் கையில் கொடுப்பது என்பதைப் புத்தகத்தில் படித்து அறிய முடியாது.

கடல் கடந்தால் இரண்டு பெயர்கள் போதும். நாமக்கல் மாவட்டம் மோகனூரில் அரசுப் பள்ளியில் தமிழில் படித்த நடராஜன் சந்திரசேகரன் 1987இல் டாட்டா கன்சல்டன்சியில் சேர்ந்தார். 2009இல் அதன் தலைமை, 2017இல் டாட்டா சன்ஸ் தலைவர். ஒரே குழுமத்தில் முப்பது ஆண்டு. சென்னையில் பிறந்த இந்திரா நூயி 2006 முதல் 2018 வரை பெப்சிகோவை நடத்தினார். தலைவர் பதவி கிடைத்த செய்தியோடு வீட்டுக்கு வந்த இரவு, தாயார் அதைக் கேட்க முன்னரே பால் வாங்கிவர அனுப்பியதையும், கிரீடத்தைக் கார்க் கொட்டிலிலேயே விட்டுவிட்டு வா என்று சொன்னதையும் அவரே பல மேடைகளில் பேசியிருக்கிறார். பலரும் இதைப் பெருமையோடு பகிர்கிறார்கள். நான் வாசிக்கும்போதெல்லாம் அந்தத் தாயின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். மகன் ஒருவன் அந்தச் செய்தியோடு வந்திருந்தால் பாலுக்கு அனுப்பியிருப்பாரா?

வாழைச்சேனையில் நின்ற இயந்திரம்

நிர்வாகம் என்பது கொழும்புக்காரர் சமாசாரம் என்று நினைப்பவர்கள் வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் வேலியோரம் ஒரு தரம் நடந்து பார்க்கவேண்டும். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் வித்திட்ட ஆலை அது. 1956இல் உற்பத்தி தொடங்கியது. நெல் விளையும் மாவட்டத்தில் வைக்கோலைக் கடதாசியாக்கும் யோசனை. வயலில் எரித்துவிடும் பொருளுக்கு விலை, பக்கத்துக் கிராமங்களுக்குச் சம்பளம், நாட்டுக்குக் கடதாசி. சங்குச் சத்தத்தில் ஊர் விழித்த காலம் ஒன்று அங்கே இருந்தது.

1977க்குப் பிறகு சந்தை திறந்தது. வெளிநாட்டுக் கடதாசி வந்து இறங்கியது. பின்னர் போர். வைக்கோல் ஏற்றிய வண்டிகள் வரும் பாதைகள் அடைபட்டன. இயந்திரங்கள் கிழடு தட்டின, ஆலை நின்றது. இவை எல்லாம் உண்மையான காரணங்கள், யாரும் மறுக்க முடியாது. ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இப்படியான அரச கூட்டுத்தாபனங்களில் தலைவர் நாற்காலி அரசாங்கத்தோடு சேர்ந்து மாறும். புதிதாக வருபவர் இயந்திரத்தின் நோயை அறிந்து முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். பத்து வருடத்துக்குப் பிறகு இந்த ஆலை என்ன செய்யவேண்டும் என்று யோசிக்க அந்த மேசையில் ஒருவருக்கும் அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. சந்திரசேகரனின் முப்பது ஆண்டுகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆலை மூடிக்கிடந்த வருடங்களில் வாழைச்சேனை எதை இழந்தது? சம்பளத்தை மட்டும் என்றால் ஈடு கட்டலாம். கொதிகலன் பார்க்கத் தெரிந்தவர், கூழின் பதம் கையில் அறிந்தவர், களஞ்சியக் கணக்குச் சுத்தமாக வைத்தவர் என்று ஒரு தலைமுறை அறிவு கலைந்துபோயிற்று. சிலர் மத்திய கிழக்குக்குப் போனார்கள், சிலர் வயலுக்குத் திரும்பினார்கள். அந்த அறிவை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்ற ஆலைக்குள் இடம் இருக்கவில்லை.

முடிவு எடுக்கும் மேசை எங்கே?

2009இல் போர் முடிந்ததும் பாசிக்குடாக் குடாவைச் சுற்றி விடுதிகள் எழும்பின. இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம் என்ற அந்தக் கடலுக்கு வெளிநாட்டார் வந்தார்கள். கல்குடா, பேத்தாழை, வாழைச்சேனைப் பிள்ளைகளுக்கு வேலை வந்தது. கரைவலை இழுக்கும் இடம் சுருங்கிவிட்டதென்று மீனவர்கள் முறையிட்டார்கள். அந்த முறைப்பாட்டைக் கேட்டு முடிவு சொல்லும் அதிகாரம் உள்ளவர் அநேகமாக அந்தக் கடற்கரையில் இருக்கவில்லை. கொழும்பில் ஏழாம் மாடியிலோ எட்டாம் மாடியிலோ இருந்தார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு நகரில் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகள் செத்து விழுந்தார்கள். கிழக்குக் கரைக்கு ஆட்கள் வரும் பருவம் தொடங்குவதே ஏப்ரலில். ஒரே கிழமையில் பதிவுகள் அடிபட்டுப் போயின. ஊரே துக்கத்தில் கிடக்கும்போது, எந்த ஊழியரை நிறுத்துவது, யாருக்கு அரைச் சம்பளம் என்ற கணக்கு எங்கோ ஒரு மேசையில் நடந்தது. அந்த மேசையில் வாவிக்கரையை அறிந்த ஒருவர் இருந்திருந்தால் முடிவு முழுதாக மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பணம் இல்லாவிட்டால் இல்லைதான். ஆனால் யாருடைய வீட்டில் ஒரே சம்பளம், யார் நுண்கடன் கட்டுகிறார்கள், எந்தத் தாய் அந்தக் கிழமை பிள்ளையைப் பறிகொடுத்தாள் என்று தெரிந்த ஒருவர் அந்தப் பட்டியலை வேறு வரிசையில் எழுதியிருப்பார். அந்த வரிசைக்காகவே நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே போய்ச் சேரவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

■ பெட்டிச் செய்தி: இங்கிருந்து போகும் வழி

உயர்தரத்தில் கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி என்பது வழக்கமான வாசல். கணிதம், உயிரியல் படித்தவர்களும் பின்னர் வந்து சேரலாம். இந்திரா நூயியின் முதல் பட்டம் விஞ்ஞானத்தில்.

கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது. வணிக முகாமைத்துவ பீடம் வந்தாறுமூலையில்.

பட்டத்தோடு பட்டயக் கணக்காளர் அல்லது முகாமைத்துவக் கணக்காளர் தகைமை கூடச் சேர்ந்தால் கதவு அகலமாகத் திறக்கும். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959இல் உருவானது.

முதல் வேலை ‘முகாமைத்துவப் பயிலுநர்’. அங்கிருந்து உச்சிக்கு இருபது முப்பது ஆண்டு ஆகலாம். இடையில் ஒரு தடவையாவது ஒரு பிரிவின் இலாப நட்டத்துக்கு முழுப்பொறுப்பு எடுத்திருக்க வேண்டும்.

வண்ணக்கரின் பேரப்பிள்ளைகள்

இங்கிலீஷ் தெரியாது என்பதுதான் நம் பிள்ளைகள் முதலில் சொல்லும் தடை. சபை அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன, அது உண்மை. ஆனால் இரவு வண்டியில் சந்தித்தவர் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. மொழி இரண்டு வருடத்தில் வந்துவிட்டதாம். பேசப் பயந்த நாள் போய், “எனக்கு இது சரியாகப் படவில்லை” என்று மேலே இருப்பவரிடம் சொல்லப் பழகுவதற்கு எட்டு வருடம் பிடித்ததாம். பெரியவர்கள் பேசும் இடத்தில் வாய் திறவாதே என்று வளர்த்த பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, கூட்டத்தில் இருபது பேர் முன்னால் தலைமையின் கணக்குப் பிழை என்று சொல்லவேண்டும். அந்தச் சம்பளத்தில் பாதி அதற்குத்தான் என்றார்.

நமக்கு அது முற்றிலும் அந்நியமான பழக்கமும் அன்று. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில் போன்ற நம் பெருங்கோயில்களில் குடிகளின் சார்பில் வண்ணக்கர்கள் நிர்வாகம் பார்க்கிறார்கள். வண்ணக்கன் என்றால் பழந்தமிழில் நாணயத்தை உரசி நல்லதா கள்ளதா என்று சொல்பவன். கோயில் கணக்கை ஊர் கேட்கும், வண்ணக்கர் ஊரின் முன் நின்று விளக்கம் சொல்வார். குரல்கள் உயரும், சண்டையும் வரும். அந்தக் கூட்டங்களின் பின்வரிசையில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளுக்கு, பொறுப்பில் இருப்பவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கலாம் என்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிடுகிறது.

விலை

பெரிய சம்பளம் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆகவே சுருக்கமாக. 2023 ஜனவரி முதல் தனிநபர் வருமான வரியின் மேல் வீதம் 36 சதவீதம். அதுபோக மிஞ்சுவது சாதாரண வீட்டுக்குக் கனவுத் தொகைதான். காரும் சாரதியும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அதன் மேலே.

கொடுக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது. சாமத்தில் அடிக்கும் தொலைபேசி. கோயில் கொடியேற்றத்துக்கு வருவதாகச் சொல்லித் தீர்த்தத்துக்கும் வராமல் போகும் வருடங்கள். நமது மாவட்டத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். அந்தப் பெண் கொழும்பில் மேலே ஏறினால் வீடு பூட்டிக்கிடக்கும், தாய் தகப்பன் திண்ணையில் தனியே இருப்பார்கள். ஆண் பிள்ளை உயர்ந்தால் மனைவி பின்னால் போவாள். பெண் பிள்ளை உயர்ந்தால் புருசன் பின்னால் போவானா என்று சம்பந்தம் பேசும்போதே கேட்கிறார்கள். வண்டியில் வந்தவர் இன்னும் கல்யாணம் முடிக்கவில்லை. அதைப்பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் விடக் கனமானது, ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது. எவ்வளவு பழகினாலும் அது இலகுவாகாது என்கிறார்கள் போட்டவர்கள். இலகுவாகிவிட்ட ஒருவர் கீழே வேலை செய்ய நான் விரும்பமாட்டேன்.

அந்த ஒரு பக்கம்

புனானைக் காடு யன்னலுக்கு வெளியே இருட்டாக ஓடிக்கொண்டிருந்தபோது அவர் அந்த அறிக்கையில் ஒரு புதிய பகுதி சேர்த்தார். கிழக்கில் மாரி கொட்டும் மாதங்களில் தெற்கிலும் தென்மேற்கிலும் கடல் தெளிந்திருக்கும். பெந்தோட்டைப் பக்கம் விடுதிகள் நிறையும், ஆள் போதாமல் தவிப்பார்கள். குழுமத்துக்கு அங்கேயும் ஒரு விடுதி இருக்கிறது. பாசிக்குடாவில் ஒரு பகுதியை மட்டும் மூடி, ஊழியரை மூன்று மாதம் அங்கே அனுப்பினால் என்ன?

சில கிழமை கழித்துத் தொலைபேசியில் கேட்டேன். முதல் கூட்டத்தில் அறிக்கை திருப்பி அனுப்பப்பட்டதாம். ஊழியர் தங்குமிடச் செலவை யார் தலையில் போடுவது என்று பிரதம நிறைவேற்று அதிகாரி கேட்டிருக்கிறார். இவர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நியாயமான கேள்வி என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தச் செலவை இரண்டு விடுதிகளுக்கும் பிரித்து எழுதி, மிச்சமாகும் தொகையைக் குறைத்துக் காட்டி மறுபடி வைத்திருக்கிறார். சிங்களம் பேசப் பழகாத பிள்ளைகளுக்கு முதல் கிழமை ஒருவர் துணையாக இருக்கவேண்டும் என்றும் ஒரு வரி. இரண்டாம் கூட்டத்தில் ஒரு பருவத்துக்கு மட்டும் என்று இணங்கியிருக்கிறார்கள்.

அடுத்த முறை அவர் ஊருக்கு வந்தபோது, ஒழுங்கை முனையில் அந்தப் பெடியனின் தாய் மறித்தாராம். மகன் பெந்தோட்டைக்குப் போக உடுப்புப் பெட்டி கட்டியாயிற்று. அது இவருடைய அறிக்கை என்று அந்தத் தாய்க்குத் தெரியாது.

“நீ கொழும்பில பெரிய கந்தோரில தானே கா இருக்காய் மனே. பொடியன அவ்வளவு தூரம் அனுப்புறவங்க, மூணு மாசத்தால திருப்பி எடுப்பாங்களா?”

“எடுப்பாங்க மாமி” என்று சொல்லிவிட்டு வந்தாராம். சொன்ன அன்றிரவே பெப்ரவரி மாத வரவுசெலவுத் தாளைத் திறந்து, பாசிக்குடாச் சமையலறைக்குரிய வரியில் ஆள் தொகை குறையாமல் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்.